பழைய பிரிட்டிஷ் காசு சேர்க்க ஆசையா? பென்னியில் தொடங்குங்கள்

பழைய பிரிட்டிஷ் நாணயங்கள் மேல் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதல் பணத்தைத் தங்கச் சவரனிலோ பெரிய வெள்ளி க்ரவுனிலோ கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். பார்க்கக் கம்பீரமான காசுகள்தான். ஆனால் போலிகள் மிகுந்த இடமும் அதுவே. கண் பழகாதவருக்கு அங்கே வேலை இல்லை.

வெண்கலப் பென்னியில் தொடங்குங்கள் என்பது என் யோசனை. 1860-ல் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறியதிலிருந்து 1970 வரை அதன் அளவு மாறவே இல்லை: அகலம் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர், எடை 9.4 கிராம். லென்ஸ் இல்லாமலே விவரங்கள் தெரியும். தேய்ந்த சாதாரண ஆண்டுகள் ஒரு பவுண்டுக்குள் கிடைக்கும். தேய்மானம், அச்சுக் குறை, நாணயச்சாலைக் குறி, போலி என்று இந்தப் பொழுதுபோக்கில் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதியை இந்த ஒரு காசிலேயே கற்றுக்கொண்டுவிடலாம். வெள்ளிக்கு அப்புறம் போகலாம்.

முதலில் எது பிரிட்டிஷ் காசு என்று தெளிவாகட்டும்

நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் விக்டோரியா ரூபாயும் காலணாவும் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த இந்திய நாணயங்கள். அவற்றுக்குத் தனிப் பட்டியல், தனிச் சந்தை. இந்தக் கட்டுரை பிரிட்டனுக்குள் புழங்கிய காசுகளைப் பற்றியது. 1818 என்ற ஆண்டும் ராமர் பட்டாபிஷேகமும் போட்டு ‘கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா’ என்று சுற்றிவரும் காசு இரண்டிலும் சேராது. அது யாரோ பிற்காலத்தில் அடித்த கற்பனைச் சரக்கு. அதற்கு லட்சக்கணக்கில் விலை சொல்லும் வீடியோக்களை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கணக்கைப் பழகுங்கள்

1971 பிப்ரவரி 15-ல் தசம முறைக்கு (பவுண்டுக்கு 100 பென்ஸ்) மாறும்வரை பிரிட்டனில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதாவது பவுண்டுக்கு 240 பென்ஸ். பென்னிக்குக் கீழே ஹாஃப்பென்னி, அதற்கும் கீழே கால் பென்னியான ஃபார்திங். மேலே த்ரீபென்ஸ், சிக்ஸ்பென்ஸ், ஷில்லிங், இரண்டு ஷில்லிங்குக்கு ஃப்ளோரின், இரண்டரை ஷில்லிங்குக்கு ஹாஃப் க்ரவுன், ஐந்து ஷில்லிங்குக்கு க்ரவுன். 20 ஷில்லிங் தங்கக் காசு சவரன். பட்டியல்களில் 2/6 என்று பார்த்தால் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று படிக்க வேண்டும். அணா பைசாக் கணக்கு கேட்டு வளர்ந்த வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய சிரமம் தராது.

காசைப் படிப்பது எப்படி

தலைப் பக்கத்தில் அரசர் பெயர் லத்தீனில் இருக்கும். ஜார்ஜ் என்பது ‘ஜியார்ஜியுஸ்’ என்று வரும். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் உதவும். ஒவ்வொரு ஆட்சிக்கும் திசை மாறுவது வழக்கம்: விக்டோரியா இடம், ஏழாம் எட்வர்ட் வலம், ஐந்தாம் ஜார்ஜ் இடம். எட்டாம் எட்வர்ட் மட்டும் தன் இடப்பக்க முகம்தான் அழகு என்று பிடிவாதம் பிடித்தார். அவர் 1936-லேயே முடிதுறந்ததால் அவர் முகத்தோடு பிரிட்டனில் எந்தக் காசும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆறாம் ஜார்ஜ் காசுகளில், எட்வர்ட் முறைப்படி வலம் பார்த்துவிட்டதாகவே பாவித்து, இடம் பார்க்க வைத்தார்கள். இரண்டாம் எலிசபெத் வலம்.

எழுத்துகளில் நம்மைத் தொடும் ஒன்று உண்டு. 1893 முதல் பிரிட்டிஷ் காசுகளில் ‘இண்ட் இம்ப்’ என்ற சுருக்கம் இருக்கும். இந்தியாவின் பேரரசர் அல்லது பேரரசி என்று பொருள். 1947-ல் நாம் விடுதலை பெற்றும் 1948 காசு வரை அது ஒட்டிக்கொண்டிருந்தது, 1949 காசில்தான் நீக்கினார்கள். 1948, 1949 பென்னிகள் இரண்டும் மலிவானவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பூப் பக்கத்தில் கையில் சூலத்தோடு அமர்ந்திருப்பவள் பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டையே பெண்ணாக உருவகித்தது. 1860 முதல் 1894 வரை அவளுக்கு இடப்பக்கம் கலங்கரை விளக்கமும் வலப்பக்கம் கப்பலும் இருக்கும். 1895-ல் இரண்டும் போய், 1937-ல் கலங்கரை விளக்கம் மட்டும் திரும்பி வந்தது. இது தெரிந்தால், ஆண்டு தேய்ந்த காசையும் எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கருவிகள்

பெரிய செலவில்லை. 10 மடங்கு லென்ஸ் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, சின்னக் காந்தம், மி.மீ. அளக்கும் கேலிப்பர், மேசை விளக்கு. விளக்கைச் சாய்த்துப் பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்துக் காசைத் திருப்பிப் பாருங்கள். நேர் மேலே டியூப்லைட் இருந்தால் கீறலும் தெரியாது, மெருகும் தெரியாது. காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். கீழே மெத்தென்று துணி விரித்திருக்கட்டும்.

விலைப்பட்டியலுக்கு, ஸ்பிங்க் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பிரிட்டிஷ் நாணயப் பட்டியல்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. இரண்டு மூன்று வருடம் பழைய பிரதி போதும். அதில் இருப்பது கடைக்காரர் விற்கும் விலை என்பதை மறக்காதீர்கள். நீங்கள் விற்கப் போனால் அந்தத் தொகை கைக்கு வராது.

51 பென்னிகள்

சரி, இப்போது வேலை. 1902 முதல் 1967 வரை ஆண்டுக்கு ஒரு பென்னி என்று இலக்கு வையுங்கள். எல்லா ஆண்டும் அடிக்கப்படவில்லை. 1923 முதல் 1925 வரை இல்லை, 1941 முதல் 1943 வரை இல்லை, 1954 முதல் 1960 வரை புழக்கத்துக்கு எதுவும் வரவில்லை. விரல்விட்டு எண்ணும் அளவே அடித்ததால் கைக்கு எட்டாத 1933, 1952, 1954 மூன்றையும் ஒதுக்கிவிட்டால் மொத்தம் 51 காசு. எட்வர்ட் 9, ஐந்தாம் ஜார்ஜ் 22, ஆறாம் ஜார்ஜ் 12, எலிசபெத் 8.

முதல் கொள்முதலாக, பிரிக்காத பென்னிகளை எடைக்கு வாங்குவது நல்லது. ஒரு கிலோவுக்கு நூறுக்குச் சற்று மேல் வரும். முதலில் அரசர் வாரியாகப் பிரியுங்கள், அப்புறம் ஆண்டு வாரியாக. ஒவ்வொரு ஆண்டிலும் இருப்பதில் நல்லதை எடுத்து வையுங்கள். 1967 குவியலாக வரும், வியப்பில்லை: தசம முறைக்கு மாறும்வரை அந்த ஆண்டை மாற்றாமலே கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள்.

அடுத்து 1912, 1918, 1919 காசுகளைத் தனியே எடுத்து, ஆண்டுக்கு இடப்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ‘எச்’ என்ற சின்ன எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாம் ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்தது. பிரிட்டிஷ் அரசு நாணயச்சாலையான ராயல் மின்டுக்கு வேலைப் பளு கூடும்போது அவர்களிடம் ஒப்படைப்பது உண்டு. 1918, 1919 இரண்டில் ‘கே என்’ என்றும் வரலாம். அது பர்மிங்ஹாமின் கிங்ஸ் நார்ட்டன் ஆலை. தேய்ந்த நிலையில் இவை அப்படியொன்றும் விலை இல்லை. அதே காசு தேயாமல் கிடைத்தால் விலை எங்கோ போய்விடும். விக்டோரியா பென்னிகளில் இந்த ‘எச்’ ஆண்டுக்குக் கீழே இருக்கும்.

1902 பென்னியில் இன்னொரு வேடிக்கை. பிரிட்டானியாவுக்குப் பின்னால் தெரியும் கடல்மட்டம் சில காசுகளில் தாழ்ந்து, அவள் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் இடத்தில் வந்து முட்டும். ‘லோ டைட்’ என்பார்கள். சாதாரண 1902-ஐ விட அரிது. விவரம் தெரியாத கடைக்காரரின் சில்லறைத் தட்டில் இன்றும் கிடைக்கக்கூடியது.

சிரமம் தரப்போவது 1950, 1951 இரண்டும்தான். முறையே 2,40,000, 1,20,000 என்ற அளவில் மட்டுமே அடித்தார்கள். பிரிட்டனில் பென்னி மிதமிஞ்சி இருந்த காலம் அது. பெரும்பகுதி பெர்முடாவுக்குப் போனது. இவற்றைக் கடைசியாக, நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

1933 பென்னி பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆண்டு புழக்கத்துக்குப் பென்னி தேவைப்படவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லின் கீழ் வைக்கவும் அருங்காட்சியகத்துக்கும் என்று ஒரு கைப்பிடி அடித்தார்கள். இருப்பது ஏழு என்று கணக்கு. லீட்ஸ் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் அடிக்கல்லிலிருந்து 1970-ல் ஒன்று திருடுபோனது. உங்களுக்கு யாராவது 1933 பென்னி காட்டினால், வேறு ஆண்டின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றியது என்று வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்.

தேய்மானமா, அச்சுக் குறையா?

இதைக் கற்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் மையம். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பிரிட்டிஷ் தர வரிசை கீழிருந்து மேலாக ஃபேர், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்க்குலேட்டட். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபைன் என்றால் நன்றாகவே தேய்ந்த காசு. அமெரிக்க விற்பனையாளர்கள் இவ்வளவு கறாராகத் தரம் போடுவதில்லை. அவர்கள் சொல்லும் தரத்தை ஒரு படி இறக்கி எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

தேய்மானம் உயரமான இடத்தில் தொடங்கும். தலைப் பக்கத்தில் காதுக்கு மேல் முடி, புருவம், தாடி. பூப் பக்கத்தில் பிரிட்டானியாவின் முகம், மார்பு, முழங்கால். முடியின் இழைகள் தனித்தனியே தெரிகின்றனவா, ஒன்றாகக் குழைந்துவிட்டனவா என்று பாருங்கள். கூந்தலைக் கொண்டையாக முடிந்த விக்டோரியாவின் ‘பன் ஹெட்’ பென்னிகள் (1860–1894) இதற்கு நல்ல பாடம்.

ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் பென்னி புதியவர்களைக் குழப்பும். பெர்ட்ரம் மெக்கென்னல் வடித்த அரசர் தலை பெரியது, மேடு அதிகம். அடிக்கும்போது உலோகமெல்லாம் அந்தப் பக்கம் இழுபட்டு, பின்புறம் பிரிட்டானியா முகமே இல்லாமல் மழுங்கி விழுந்தாள். சில காசுகளின் பூப் பக்கத்தில் அரசரின் தலைக்கோடு நிழல் மாதிரி தெரியும். ராயல் மின்ட் வருடக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டி, 1928-ல் தலையைச் சிறிதாக்கிய பிறகுதான் தீர்ந்தது. ஆகவே 1915 பென்னியில் பிரிட்டானியா மங்கலாக இருந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். அரசர் முடி கூர்மையாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தேய்ந்த காசு இல்லை, சரியாக விழாத காசு. சில கடைக்காரர்களே இதைத் தேய்மானமாக எண்ணி மலிவாகப் போட்டிருப்பார்கள்.

நிறத்திலும் ஒரு கண்ணி. புதுப் பென்னி செந்நிறமாகப் பளபளக்கும். ஆனால் 1944 முதல் 1946 வரையிலான பென்னிகளை நாணயச்சாலையே ரசாயனத்தில் முக்கிக் கறுப்பாக்கி வெளியிட்டது. 1897 முதல் 1917 வரை ஃபார்திங்குகளுக்கும் அதே கதி. அரைச் சவரன் என்று யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று செய்தது. இந்த ஆண்டுகளில் கறுப்புதான் இயல்பு. பளபளவென்று யாராவது நீட்டினால் தேய்த்து மினுக்கியதோ என்று சந்தேகப்படுங்கள்.

எங்கே வாங்குவது

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு நாணயச் சந்தைகள்தான் பள்ளிக்கூடம். யார்க் குதிரைப் பந்தயத் திடலில் கூடும் சந்தையும், பர்மிங்ஹாம் அருகே மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தில் நடக்கும் மிட்லண்ட் சந்தையும் பெயர் பெற்றவை. ஒரு மேசையில் ஃபைன், அடுத்த மேசையில் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று ஒரே காசை மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்க்கலாம். காசு வாங்காமல் பார்த்துவிட்டு வந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் 68-ஆம் கூடம் முழுக்கப் பணத்தின் வரலாறு. அனுமதி இலவசம்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்தால் இணையம்தான் வழி, அல்லது அங்கே குடியேறிய உறவினர். இணையத்தில் வாங்கும்போது, விற்கப்படும் அதே காசின் இரு பக்கமும் தெளிவான படமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். தலைப்பில் ‘ரேர்’ என்று எழுதியிருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. விற்பவர் பிரிட்டிஷ் நாணய வணிகர் சங்கமான பிஎன்டிஏ உறுப்பினரா என்று பார்ப்பது நல்லது. ஏலத்தில் எடுத்தால், சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் சேரும். அதைக் கணக்கிட்டுவிட்டுக் கை தூக்குங்கள்.

1965-ன் சர்ச்சில் க்ரவுனை யாராவது ‘பொக்கிஷம்’ என்று நீட்டுவார்கள். கிட்டத்தட்ட 2 கோடி அடித்த காசு, வெள்ளியும் கிடையாது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

வெள்ளிக்குப் போகும்போது

பென்னியில் கண் பழகிய பிறகு இங்கே வாருங்கள். ஆண்டை வைத்து வெள்ளியை மூன்றாகப் பிரிக்கலாம். 1919 வரை 92.5 சதவீத வெள்ளி. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை ஏறி, காசின் முகமதிப்பை விட உலோகம் விலை கூடிப்போனதால் 1920-ல் பாதியாகக் குறைத்தார்கள். 1947 முதல் வெள்ளியே இல்லை, செம்பு நிக்கல் கலவை. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம்.

எடை மட்டும் 1816 சீர்திருத்தத்திலிருந்து கடைசிவரை மாறவில்லை. சிக்ஸ்பென்ஸ் 2.83 கிராம், ஷில்லிங் 5.66, ஹாஃப் க்ரவுன் 14.14, க்ரவுன் 28.28. 1849-ல் வந்து சேர்ந்த ஃப்ளோரின் 11.31. முக்கியப் பயன் இரண்டு. ஒன்று, போலியை எடையிலேயே பிடிக்கலாம். இன்னொன்று, உலோக விலைக்குக் கீழே ஒரு காசு போகாது என்று தெரிந்து பேரம் பேசலாம்: 1919 ஹாஃப் க்ரவுனில் 13 கிராமுக்குச் சற்று மேல் சுத்த வெள்ளி, 1920-ல் 7 கிராம்தான்.

போலிகளில் அடிக்கடி தட்டுப்படுவது 1905 ஹாஃப் க்ரவுன். 1,66,008 மட்டுமே அடிக்கப்பட்ட அரிய ஆண்டு என்பதால் போலி அடிப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த காசு. கிழக்காசிய வணிகத்துக்காகப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்த பிரிட்டிஷ் டிரேட் டாலரிலும் போலி ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் அங்கேயே முடிந்தது. ஒட்டாவிட்டாலும் எடை பாருங்கள், விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிகிறதா, பரப்பில் ஊசிக் குத்து மாதிரிக் குழிகள் உண்டா என்று லென்ஸில் தேடுங்கள். அந்தக் காலத்திலேயே கடைக்காரரை ஏமாற்ற ஈயத்தில் வார்த்த ஹாஃப் க்ரவுன்களும் உண்டு. அவற்றைத் தனியே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அந்த ரசனை புரிகிறது.

விக்டோரியா காலத்தில் காசை ப்ரூச்சாக மாட்டும் மோகம் இருந்தது. நம் பக்கம் சவரன்களைக் காசுமாலையாகக் கோத்தார்கள். இரண்டிலும் விளிம்பில் வளையம் ஒட்டிய பற்று எங்காவது மிச்சம் இருக்கும். அப்படிப்பட்ட காசுக்கு உலோக விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். சவரன் வாங்கியே தீருவேன் என்றால் 7.98 கிராம் எடை, 22 காரட் என்பதை மனதில் வைத்து, ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் ‘ஐ’ குறி உள்ளதைத் தேடிப் பாருங்கள். பம்பாயில் 1918 ஒரே ஆண்டில் அடித்த சவரன் அது.

கழுவாதீர்கள்

புளி போட்டுத் தேய்ப்பது, விபூதி போட்டு மினுக்குவது, பற்பசை, பிராசோ எதுவும் கூடாது. குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு இல்லை. பல வருடம் படிந்த நிறம் போனால் திரும்ப வராது, தேய்த்த காசின் விலை பாதிக்கும் கீழே விழும். மண்ணோ பிசுக்கோ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். பிசின் போல ஒட்டியிருந்தால் சுத்த அசிட்டோன், ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல். வெண்கலத்தில் பச்சைக் களிம்பு கிளம்பியிருந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

மெத்தென்ற பிவிசி உறைகள் வேண்டாம். காலப்போக்கில் அதுவே பச்சையாகப் பிசுபிசுத்துக் காசில் ஏறும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை உறை மலிவு, போதும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் பக்கத்தில் வேண்டாம். அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். மர அலமாரி செய்யும் எண்ணம் இருந்தால், பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் மஹாகனியைத்தான் நம்புவார்கள். ஓக் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி காசை அரிக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எழுதி வையுங்கள்

உறையின் மேலேயே ஆண்டு, தரம், வாங்கிய தேதி, கொடுத்த விலை. யாரிடம் வாங்கியது என்பதையும் குறியுங்கள், பிறகு சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம். எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் இரு பக்கமும் படம் எடுத்து இன்னோரிடத்திலும் பிரதி இருக்கட்டும். முன்னதை விட நல்ல காசு கிடைத்துப் பழையது உபரியானால், அவற்றைப் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து ஒரே கட்டாக விற்பது அல்லது மாற்றிக்கொள்வது நல்லது. ஒற்றைப் பென்னியை விற்றால் தபால் செலவுக்குக்கூடத் தேறாது. பட்டியல் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். தெரியாதவர் கையில் 1951 பென்னியும் 1967 பென்னியும் ஒரே எடைக்குப் போய்விடும்.